முன் பிரேக்கைத் தொடாதே

"முன் பிரேக்கை எதுக்குய்யா மாத்தற? பின்னாடிதான் நல்லா புடிக்குதே" என்று கேட்டார் எங்க மெக்கானிக். வில்லியனூரில் முப்பது வருஷத்துக்கு மேலே ஸ்பேனர் பிடித்தவர். என் பழைய புல்லட்டின் முன் சக்கரத்தைக் கழட்டிப் போட்டுவிட்டு, கை நிறைய கிரீஸோடு அவர் கேட்ட இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்லை. நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட நாளிலிருந்து எல்லாரும் சொன்னதுதான். முன் பிரேக்கைத் தொடாதே, கவுத்துடும்.

வழக்கமா நெல்லு, கரும்பு, ஏரித் தண்ணின்னு எழுதறவன் இந்த வாட்டி பிரேக்கைப் பத்தி எழுதறேன். இதுவும் ஊர்க் கதைதான். கிராமத்துக்காரன் முன் பிரேக்கை ஏன் நம்பாமப் போனான், அதுக்கு என்ன விலை கொடுத்தான், கடைசில அவன் பயத்தை யார் எப்படிச் சுத்தி வளைச்சாங்கன்னு ஒரு சரித்திரம் இருக்கு.

எங்க ஊரில் பிரேக் என்றால் முதலில் முட்டுக்கட்டை. திருக்காமீசுவரர் கோயில் தேரை நீங்க பேப்பர்ல பார்த்திருப்பீங்க. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார். அந்த வழக்கம் விடாமல் இப்ப துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறாங்க. போட்டோவில் வடம் பிடிக்கிறவங்க முகம்தான் வரும். தேரை நிறுத்தறவனை யாரும் போட்டோ எடுக்கறதில்லை. ஆள் உயரச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிஞ்சு நடந்துக்கிட்டே, சரியான நேரத்தில் கட்டையைச் செருகறான் பாருங்க, அவன் கை ஒரு நொடி பிசகினா தேர் வீட்டுத் திண்ணையில ஏறிடும். எந்தச் சக்கரத்துக்குக் கட்டை போட்டா எந்தப் பக்கம் திரும்பும்னு அவனுக்குத் தெரியும். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடைன்னு சொல்றாங்க. அதுக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரம், அச்சு எல்லாம் செஞ்சு, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யற ஹைட்ராலிக் பிரேக்கும் மாட்டிக் கொடுத்தது. தேருக்கே பிரேக்கை மாத்தியிருக்காங்க, என் புல்லட்டுக்கு மாத்தக்கூடாதான்னு மெக்கானிக்கிட்ட கேட்டேன். சிரிச்சார்.

அடுத்தது மாட்டு வண்டி. டவுன்ல வளர்ந்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை, கொஞ்சம் சொல்றேன். வண்டியில் பாரம் ஏத்தறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. முன்பாரம் அதிகமானா மாட்டுக் கழுத்து இறங்கிடும். பின்பாரம் அதிகமானா நுகத்தடி மேல தூக்கிப் பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை நெரிக்கும். அதனால முன்னும் பின்னும் பார்த்துத்தான் மூட்டையை அடுக்குவோம். இப்படிச் சமமா ஏத்தின வண்டியையும் இறக்கத்தில் சடக்குனு நிறுத்தினா பாரம் மொத்தமும் முன்னாடி வந்து கழுத்தில் உக்காரும். எங்க அப்பா இதனாலதான் ஏரிக்கரை இறக்கத்தில் வண்டியை விட்டு இறங்கி, மூக்கணாங்கயிறைப் பிடிச்சுக்கிட்டே மாட்டோட சேர்ந்து நடப்பார்.

மோட்டார் சைக்கிளும் இதேதான். பிரேக் பிடிச்ச அந்த நொடியில் பாரம் முன் சக்கரத்துக்குப் போகுது. பின் சக்கரம் லேசாகிடுது. லேசான சக்கரம் ரோட்டை என்னத்தப் பிடிக்கும்? நின்னுபோய் வழுக்கும், அவ்வளவுதான். அழுத்தி நிறுத்தற நேரத்தில் கிட்டத்தட்ட முக்கால்வாசி வேலையைச் செய்ய வேண்டியது முன் சக்கரம். மாட்டு வண்டிப் பாரம் தெரிஞ்ச எங்களுக்கு இது சொல்லாமலே விளங்கியிருக்கணும். விளங்கலை.

ஏன்னா நடுவில் சைக்கிள் வந்தது. குரங்குப் பெடல் போட்டு ஓட்டற வயசுல முன் பிரேக்கை அழுத்தித் தலைகுப்புற விழாதவன் எங்க தெருவுல கிடையாது. சைக்கிள் எடை கம்மி, நம்ம உடம்பு உசரத்தில் இருக்கு, அதனால கவுக்கும். அந்தப் பாடத்தை அப்படியே மோட்டார் சைக்கிளுக்கும் கொண்டாந்துட்டோம். எங்களை முழுக்கக் குத்தம் சொல்லவும் முடியாது. அன்னைக்கு இருந்த ரோடு அப்படி. பாதி மண்ணு, மீதி ஜல்லி. அறுவடை சமயத்தில் உளுந்துச் செடியையும் கேழ்வரகுக் கதிரையும் ரோட்டுலேயே பரப்பிடுவோம், போற வர வண்டி மிதிச்சுக் கொடுக்கட்டும்னு. அது மேலே முன் சக்கரம் லாக் ஆனா நிச்சயமா விழுவான். நானே விழுந்திருக்கேன். அதனால பயத்துக்குக் காரணம் இருந்துச்சு. ஆனா எல்லா இடத்துக்கும் அந்தப் பயமே சட்டமாகிப் போச்சு.

1987, தை மாசம். கரும்பு வெட்டு நடந்துக்கிட்டிருந்தது. என் பெரியப்பா மகன், எனக்கு ஆறு வயசு மூத்தவர், பழைய வண்டி ஒண்ணு வாங்கியிருந்தார். வாங்கின மறுநாளே முன் பிரேக் கேபிளைக் கழட்டி ஹேண்டில்பாரில் சுத்திக் கட்டிட்டார். அப்ப நிறைய பேர் அப்படித்தான் ஓட்டினாங்க. லீவர் மட்டும் அழகுக்கு இருக்கும். கண்டமங்கலம் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பறோம், நான் பின்னாடி உக்கார்ந்திருக்கேன். முன்னாடி கரும்பு ஏத்தின மாட்டு வண்டி. விளக்கு கிடையாது, கரும்புத் தோகை வண்டிக்கு வெளியே ஆறடி நீட்டிக்கிட்டிருக்கு. எதிரே வந்த லாரி வெளிச்சத்தில் அண்ணனுக்கு அது கடைசி வரைக்கும் தெரியலை. தெரிஞ்சதும் பின் பிரேக்கை ஏறி மிதிச்சார். சக்கரம் நின்னுடுச்சு. வண்டி நிக்கலை.

எனக்குத் தாடையில் ஒரு தழும்பு. அண்ணனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போச்சு. வண்டி மேல குத்தம் இல்லை, அதைச் செஞ்சவங்க பிரேக் கொடுத்துத்தான் அனுப்பினாங்க. அதைக் கழட்டினது நாங்க. விழற நேரத்தில் அண்ணன் வலது கை அந்த வெறும் லீவரை இழுத்து இழுத்துப் பார்த்ததை நான் பின்னாடி இருந்து பார்த்தேன். பயந்தபோது கைக்குத் தெரிஞ்சிருக்கு, எதைப் பிடிக்கணும்னு.

சரி, அந்தக் கழட்டிப் போட்ட பிரேக் எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம்.

டிரம் பிரேக்கை மோட்டார் வண்டிக்கு இன்னைக்கு நாம பார்க்கற மாதிரி அமைச்சவர்னு பிரான்ஸ் நாட்டு லூயி ரெனோவைச் சொல்றாங்க, 1902-ல. ஆச்சரியம் என்னன்னா, அதே 1902-லதான் இங்கிலாந்தில் பிரடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். ரெண்டும் ஒரே வயசு. ஆனா டிரம் ஜெயிச்சுது. மலிவு, மூடியிருக்கறதால புழுதி அதிகம் போகாது, சும்மா ஒரு கம்பியைக் கட்டி இழுத்தாலே வேலை செய்யும். டிஸ்க் அரை நூற்றாண்டு ஓரமாக் கிடந்தது. ஆகாய விமானத்துக்குப் போய், அங்கிருந்து பந்தயக் காருக்கு வந்து, 1953-ல் லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் மாட்டின ஜாகுவார் ஜெயிச்ச பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ரெண்டு சக்கர வண்டியில் 1962-ல் இத்தாலி லாம்பிரட்டா டி.வி. 175 ஸ்கூட்டரின் முன் சக்கரத்தில் கேபிளால் இழுக்கற டிஸ்க் வந்தது. 1969-ல் ஹோண்டா சி.பி. 750, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யற முன் டிஸ்க்கோடு வந்ததும் பெரிய வண்டிகளின் போக்கே மாறிப்போச்சு.

டிரம்முக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு வார்த்தை. அரை நிலா மாதிரி ரெண்டு ஷூ இருக்கும். லீவரை இழுத்தா ஒரு கேம் திரும்பி ரெண்டையும் விரிச்சு, சுத்தற டிரம்மில் உரச வைக்கும். ஆனா ரெண்டும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஒரு தடியை முன்னாடி சாய்ச்சு ஊனிக்கிட்டே நடந்து பாருங்க, தரையில குத்தி உங்களை நிறுத்தும். அதே தடியைப் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போங்க, சும்மா உரசிக்கிட்டே வரும். அது மாதிரி ஒரு ஷூ சக்கரத்தோட சுத்தாலேயே இன்னும் இறுகும், அதுக்கு லீடிங் ஷூன்னு பேர். இன்னொண்ணு தள்ளப்பட்டுத் தளரும். ரெண்டு ஷூவும் குத்தற தடி மாதிரியே வேலை செய்யணும்னா ரெண்டு கேம் வேணும். அதுதான் இரட்டை லீடிங் ஷூ. அதே கை பலத்துக்குப் பிடிப்பு நல்லா கூடும்.

நம்ம பக்கம் புல்லட் கதை உங்களுக்குத் தெரியும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட்டைப் பூட்ட ஆரம்பிச்சாங்க. ராணுவம் ஓட்டுச்சு, போலீஸ் ஓட்டுச்சு, அப்புறம் மிராசுதாருங்க ஓட்டினாங்க. முன் பிரேக் ஒற்றை லீடிங் ஷூ டிரம். அந்தக் காலத்து ரோட்டுக்கும் வேகத்துக்கும் அது போதும். இதுல ஒரு வேடிக்கை, 1962-லேயே சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா கம்பெனி வந்தாச்சு. காருக்கும் லாரிக்கும் நல்ல பிரேக் எங்க ஊரிலிருந்து மூணு நாலு மணி நேரப் பயணத்தில் தயாராகிக்கிட்டிருந்தது. மோட்டார் சைக்கிள்காரனுக்கு மட்டும் பழைய டிரம்மே கதி. அதில் ஒட்டின லைனிங்கில் அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். மெக்கானிக்குங்க டிரம்மைக் கழட்டி அந்தத் தூசியை வாயாலயே ஊதி விடுவாங்க. அது நுரையீரலுக்கு எமன்னு அப்ப எங்களில் யாருக்குத் தெரியும்? இப்பவும் பழைய டிரம்மைத் திறக்கறவங்க ஊதாம ஈரத்துணியால துடைங்க.

இந்தியாவில் முன் பிரேக் சரித்திரத்தில் எனக்கு ரொம்பக் கோபம் வர்ற இடம் 1983. ஜப்பான் யமஹாவின் ஆர்.டி. 350 வண்டியை எஸ்கார்ட்ஸ் கம்பெனி ராஜ்தூத் 350-ன்னு இங்கே கொண்டுவந்தது. 30 குதிரைத்திறன் வாக்கில் இழுக்கற வண்டி. அன்னைக்கு நம்ம ரோட்டில் அதைத் துரத்த ஆளே இல்லை. ஜப்பானில் அந்த வண்டிக்கு முன் சக்கரத்தில் டிஸ்க். இங்கே வந்தபோது டிஸ்க்கை எடுத்துட்டு டிரம் போட்டாங்க. இரட்டை லீடிங் ஷூதான், மறுக்கலை. ஆனாலும் டிரம் டிரம்தானே. ரெண்டு மூணு தடவை வேகத்திலிருந்து அழுத்தினா சூடேறி, டிரம் விரிஞ்சு, பிடிப்பு குறைஞ்சுபோகும். இவ்வளவு வேகமான வண்டியைக் கொண்டாந்தவங்களுக்குப் பிரேக்கில் சிக்கனம். வாங்கறவனும் அதைக் கேட்கலை. 'மைலேஜ் எவ்வளவு, என்ன ஸ்பீடு போவும்' - இந்த ரெண்டுதானே நாம கேட்கறது. எத்தனை அடியில் நிக்கும்னு கேட்டு வண்டி வாங்கினவனை நான் இன்னும் பார்க்கலை.

1985-ல் ஆர்.எக்ஸ். 100 வந்தது, ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. ரெண்டுக்கும் சின்ன டிரம்தான். எங்க பக்கம் பால்காரரிலிருந்து வாத்தியார் வரைக்கும் மோட்டார் சைக்கிள் வாங்கினது இந்தக் காலத்துக்குப் பிறகுதான். மழைக்காலத்தில் சங்கராபரணி பெருகி ரோட்டில் தண்ணி நிக்கும். அதைத் தாண்டி வந்தா டிரம்முக்குள்ள தண்ணி பூந்து, லீவரை இழுத்தா சோப்பு மாதிரி வழுக்கும். கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாப் பிடிச்சுக்கிட்டே ஓட்டிக் காய வைக்கணும். இதையும் சேர்த்துத்தான் ஜனங்க 'முன் பிரேக் உதவாது'ன்னு முடிவு கட்டினாங்க. பிரேக் சுமாரா இருந்ததால யாரும் பிடிக்கலை. யாரும் பிடிக்காததால யாரும் நல்ல பிரேக் கேட்கலை. மாடு வாலைத் துரத்திச் சுத்தற மாதிரி.

எங்க ஊர்ப் பையன்கள் முன் டிஸ்க்கைக் கிட்டத்தில் பார்த்தது 1999-ல் ஹீரோ ஹோண்டா சி.பி.இசட். வந்த பிறகு. அப்புறம் 2001-ல் பல்சர். சக்கரத்தில் பளபளன்னு ஓட்டை போட்ட தட்டு, 240 மில்லிமீட்டர். ஜப்பான்காரன் 1969-ல் போட்டதுக்கும் இதுக்கும் முப்பது வருஷ தூரம். டிஸ்க் வெளிக்காத்தில் சுத்தறதால சூடு தங்காது, தண்ணியையும் உதறிடும். ரெண்டு விரலால் பிடிச்சா போதும். அதுலதான் புதுச் சிக்கல். டிரம்மைப் பிடிச்சுப் பழகின கை டிஸ்க்கை முழுக் கையால இறுக்கும். சக்கரம் லாக்காகி, வண்டி சாயும். 'பாத்தியா, அப்பவே சொன்னேன்ல' என்று பெரியவங்க ஆரம்பிச்சுடுவாங்க.

இதுக்கு மருந்து ஏ.பி.எஸ். சக்கரம் நின்னுபோற நேரத்தில் தானே பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். மோட்டார் சைக்கிளில் அதை 1988-ல் பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்தது. நம்ம ஓசூர் டி.வி.எஸ். 2011-ல் அப்பாச்சி 180-ல் கொடுத்தது. அப்புறம் மத்திய அரசு சட்டமே போட்டது. 2018 ஏப்ரல் 1 முதல் புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வர்ற எல்லா வண்டிக்கும், 125 சி.சி.க்கு மேலே இருந்தா ஏ.பி.எஸ். கட்டாயம். அதுக்குக் கீழே இருந்தா ஏ.பி.எஸ். இல்லாட்டி சி.பி.எஸ்.

இந்த சி.பி.எஸ். என்னன்னு என் மகன்தான் காட்டினான். அவன் திருபுவனையில் ஷிப்டு வேலைக்குப் போறான், சின்ன வண்டிதான். "அப்பா, காலால பின் பிரேக்கை மிதிங்க" என்றான். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுத்திவிட்டு மிதிச்சேன். முன் சக்கரமும் நின்னது! எனக்கு ரொம்ப நேரம் பேச்சே வரலை. இந்த நாட்டு ஜனங்க முன் பிரேக்கைப் பிடிக்கவே மாட்டாங்கன்னு முடிவு பண்ணி, அவங்க மிதிக்கற மிதியிலேயே முன் பிரேக்கைக் கட்டி விட்டுட்டாங்க. புத்தி சொல்லித் திருத்தற வேலையை விட்டுட்டு ஒரு கம்பியால முடிச்சுட்டாங்க. இதைவிட எங்க பயத்துக்கு யாரும் சர்டிபிகேட் கொடுக்க முடியாது. 1987-ல் இந்தக் கம்பி இருந்திருந்தா என்ற நினைப்பு வராம இருக்குமா?

இப்ப என் புல்லட். 1989 மாடல், நான் பழசா வாங்கினது. மகன் டிஸ்க் போடச் சொன்னான். டிஸ்க் போடணும்னா ஃபோர்க், ஹப், மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் எல்லாம் மாறும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குறிச்சதுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. பிரேக்கை நல்லதாக்கினாலும் நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் முதல்ல கேட்பான். அதனால நான் நடுவழி ஒண்ணைப் பிடிச்சேன். பின்னாடி வந்த புல்லட்டுகளிலேயே கம்பெனி 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ டிரம் போட்டிருக்கு. அந்த ஹப், பிளேட், கேபிள் எல்லாம் தேடி வாங்கினேன், உளுந்து வித்த காசுல. சட்டத்தைக் கேட்டா இதையும் மாத்தினதுன்னு சொல்ல இடமிருக்கு; ஆனா அதே கம்பெனி அதே வண்டிக்குச் செஞ்ச சாமான் என்கிற தைரியம்.

மாட்டறது பெரிய வேலை இல்லை, சரி பண்றதுதான் வேலை. ரெண்டு கேமையும் வெளியே ஒரு கம்பி இணைக்கும். அந்தக் கம்பியின் நீளம் சரியா இல்லாட்டி ஒரு ஷூ முதல்ல தொடும், இன்னொண்ணு சும்மா இருக்கும். இரட்டைக்குக் காசு கொடுத்துட்டு ஒற்றையை ஓட்டற கதை. மெக்கானிக் கம்பியைக் கழட்டி, ஒரு கேமைக் கையால் திருப்பி ஷூ தொடற இடத்தைப் பார்த்தார், அடுத்ததையும் பார்த்தார், ரெண்டும் ஒரே நேரத்தில் தொடற அளவுக்குக் கம்பியைத் திருகி லாக்நட்டை இறுக்கினார். முக்கால் மணி நேரம் ஆச்சு. "இவ்வளவு நாள் இதை யாரும் கேட்டதில்லைய்யா" என்றார். கடையில் நிறைய பேர் அவசரத்தில் இதை விட்டுடறாங்க. நீங்க மாத்தினா பக்கத்திலேயே நின்னு பாருங்க.

ஒரு குறையும் சொல்லிடறேன். ரெண்டு ஷூவும் முன்னாடி ஓடும்போது இறுகற மாதிரி வெச்சதால, வண்டி பின்னாடி உருண்டா ரெண்டுமே தளரும். ஏரிக்கரை மேட்டில் பாதியில நிறுத்தி முன் பிரேக்கை மட்டும் நம்பினா வண்டி மெதுவாப் பின்னால இறங்குது. அங்கே பின் பிரேக்தான்.

வேலை முடிஞ்சு சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். திண்ணையில் உக்கார்ந்திருந்தார். செயற்கைக் காலைக் கழட்டிப் பக்கத்தில் வெச்சிருந்தார். "என்னடா, மாத்திட்டியா?" என்றார். எழுந்து, சுவரைப் பிடிச்சுக்கிட்டே வந்து, லீவரை நாலு விரலால் மெதுவா இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"கொஞ்சம் ஆட்டம் இருக்குடா."

"புது கேபிள்ண்ணே, நாலு நாள் ஓடினா தளரும். அப்புறம் ஒரு சுத்து இறுக்கணும்."

"மறந்துடாத" என்றார். இன்னும் லீவரை விடலை.